பழைய எல்லைத் தகராறை காணி உறுதி வாசிக்கிற கண்ணால வாசிக்கிறது எப்பிடி

எங்கட அப்பான்ர காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம், ஒண்டு இருக்கு, முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்துக் காணி. 2009ல போர் முடியிற நேரம் வட்டுவாகல் பாலம் தாண்டேக்க அம்மா அதை சொப்பிங் பையில சுத்தி இடுப்பில சொருகிக்கொண்டு வந்தவ, மடிப்பு நாலும் கிழிஞ்சு இப்ப செலோட்டேப் போட்டு வச்சிருக்கிறம். அதில எல்லை இப்பிடி எழுதியிருக்கு: வடக்கு காடு, கிழக்கு பாலைமரமும் வண்டிப்பாதையும், தெற்கு இன்னாரின்ர காணி, மேற்கு வாய்க்கால். நாங்கள் திரும்பிப்போய்ப் பாக்கேக்க பாலைமரமும் இல்லை, வண்டிப்பாதையும் இல்லை, வாய்க்கால் தூந்துபோய் மேல நாயுண்ணிப் பத்தை. கிழக்குப் பக்கத்துக் காணிக்காரரும் உறுதி வச்சிருக்கினம், அவேன்ர மேற்கெல்லையிலயும் அதே பாலைமரம்தான். ஒரே மரம், ரெண்டு உறுதி, ரெண்டு பேரும் சொல்லுற இடம் வேற வேற. கடைசியா அயலில இருந்த வயசுபோன மாமி ஒராள் வந்து பத்தையை விலக்கி பழைய கிணத்தின்ர கட்டைக் காட்டினா, காணி அளக்கிற சேவையர் அதிலயிருந்து அளந்தார், அதோட பிரச்சினை முடிஞ்சுது.

அந்தக் காலத்திலதான் எனக்கு ஒண்டு விளங்கினது. நான் பின்னேரத்தில உயர்தர வகுப்பு (ஏஎல்) பிள்ளையளுக்கு வரலாறு சொல்லிக்குடுக்கிறனான், அவை 19ம் நூற்றாண்டு ஒப்பந்தம் எண்டு வந்தா வருசத்தைப் பாடமாக்கிப்போட்டு வருவினம், 1802, 1815, 1893 எண்டு கிளி மாதிரிச் சொல்லுவினம், ஆனா அந்தக் கடதாசி என்னத்தைச் சொல்லுது எண்டு கேட்டா முழிப்பினம். அவேன்ர வீட்டில எல்லாம் ஒரு உறுதியோ பெர்மிட்டோ இருக்கு, அதை வாசிக்கத் தெரிஞ்ச சனம் நாங்கள், வன்னில எல்லைக்கல் தேடித் திரியாத குடும்பம் எது. ஆகவே அதே கண்ணால ராசாக்களின்ர கடதாசியையும் வாசிக்கலாம் எண்டதுதான் நான் சொல்ல வாறது.

முதல் வேலை, கடதாசியைத் திறந்த உடன வருசத்தைப் பாக்காமல் கையெழுத்தைப் பாருங்கோ. ஆர் குடுத்தது, ஆர் வாங்கினது, அந்த நேரம் நிலத்தில இருந்தது ஆர். உறுதியில குடுக்கிறவனுக்கே அந்தக் காணி சொந்தமில்லையெண்டா மிச்சத்தை வாசிச்சு என்ன பிரயோசனம். 1802ல அமியன்ஸ் எண்ட பிரெஞ்சு ஊரில ஒரு ஒப்பந்தம் எழுதினவை, இலங்கையில டச்சுக்காரரிட்ட இருந்த பகுதியள் எல்லாம் பிரித்தானியாவுக்கு எண்டு அதில வருது. மேசையில இருந்தது பிரித்தானியா, பிரான்ஸ், ஸ்பெயின், டச்சுக்காரர். கண்டி ராசாவுக்கு அங்க கதிரை இல்லை, வன்னியில இருந்த ஆருக்கும் இல்லை. டச்சுக்காரர் வன்னியை முழுசாப் பிடிச்சதே 1782ல தான், நாகல் எண்ட அதிகாரியை முல்லைத்தீவில வச்சு ஆண்டினம், 1795, 96ல அவையே இலங்கையை விட்டுப் போகவேண்டி வந்திட்டுது. பதின்மூண்டு பதினாலு வருசம் கையில இருந்த காணியை இன்னொருத்தனுக்கு எழுதிக் குடுத்த மாதிரி. ஒப்பந்தத்துக்கு அடுத்த வருசம் 1803ல வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை அடிச்சுப் பிடிச்சதை வெறும் கிளர்ச்சி எண்டு எழுதுற புத்தகங்களை வாசிக்கேக்க இந்தக் கையெழுத்து விசயத்தை மனசில வச்சிருங்கோ, கையெழுத்து வைக்காதவன் ஒப்பந்தத்தை மீறினவனாக ஏலாது.

கையெழுத்துப் பாக்கிறதில இன்னொரு பக்கமும் இருக்கு. கையெழுத்து வச்ச பிறகு ஆர் திருத்தினது எண்டும் பாக்கோணும். 1815 மார்ச் 2ல கண்டி ராச்சியத்தைப் பிரித்தானியாவுக்குக் குடுத்த கண்டி ஒப்பந்தம், 12 பிரிவு, கண்டிப் பிரதானியளும் கவர்னர் பிரவுன்ரிக்கும் வச்சது. 1817, 18ல ஊவாவில கிளர்ச்சி நடந்து அடக்கினாப்போல 1818 நவம்பர் 21ல ஒரு பிரகடனம் வருது, முந்தித் தந்த உரிமையள் கனக்க அதில சுருங்கிப்போகுது. அது ஒப்பந்தமில்லை, ஒரு பக்கம் மட்டும் எழுதின அறிவித்தல். ரெண்டு கடதாசியையும் பக்கத்தில பக்கத்தில வச்சு, ஒண்டில ரெண்டு பக்கக் கையெழுத்து மற்றதில ஒரு பக்கம் எண்டு கொப்பியில எழுதிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போங்கோ.

அடுத்தது பேர். ஒரு இடத்தின்ர பேரை எங்க கண்டாலும் பக்கத்தில வருசத்தைக் குறிச்சு வையுங்கோ, இது சின்ன வேலை மாதிரித் தெரியும், ஆனா அரைவாசித் தகராறு இதிலதான் தீரும். "வடமாகாணம்" எண்டு ஒரு பழைய அறிக்கையில இருந்தா எங்கட பிள்ளையள் இப்பத்த வடமாகாணத்தை நினைச்சுக்கொண்டு வாசிக்கினம். 1833ல பிரித்தானியர் அனுப்பின கோல்புறூக் விசாரணைக் கமிசனுக்குப் பிறகு தீவை 5 மாகாணமாப் பிரிக்கேக்க யாழ்ப்பாணம், மன்னார், வன்னியோட நுவரகலாவியவும் வடமாகாணத்துக்கதான் இருந்தது, எண்டா அனுராதபுரம் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதாவது அரச நிர்வாகக் கந்தோருக்கு, கீழ. 1873ல தான் வடமத்திய மாகாணம் எண்டு புதுசா ஒண்டு உண்டாக்கி அதை வெட்டி எடுத்தது. அப்ப 1850ல எழுதின "வடமாகாணத்தின்ர தெற்கெல்லை" வேற, 1880ல எழுதினது வேற. இது தெரியாமல் முகநூலில நாள் முழுக்க சண்டை பிடிக்கிற ஆக்களைப் பாக்கேக்க எனக்கு உண்மையா மனவருத்தம், ரெண்டு பேர் கையிலயும் இருக்கிறது சரியான ஆவணம்தான், வருசம்தான் வேற.

ஊர்ப் பேரும் அப்பிடித்தான். பனங்காமம், முள்ளியவளை, மேல்பற்று, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி எண்டு பற்றுப் பற்றா, அதாவது சின்னச் சின்ன நிர்வாகப் பிரிவாத்தான் பழைய வன்னி இருந்தது. இதில தென்னமரவடி இண்டைக்கு திருகோணமலை மாவட்டம், அதாவது கிழக்கு மாகாணம். கிளிநொச்சி எண்டு ஒரு மாவட்டம் 1984 வரைக்கும் இல்லவே இல்லை. டச்சுக்காரர் தங்கட வாய்க்கு வந்த மாதிரி ஒரு எழுத்து, இங்கிலீசுக்காரர் இன்னொரு எழுத்து, கட்டுக்கரைக்குளத்தை ராட்சதன் குளம் எண்டு பேர் மாத்தி எழுதிவச்சிருக்கிறாங்கள். பேரைச் சத்தமா வாசிச்சுப் பாருங்கோ, எழுத்துப் பிழையாயிருந்தாலும் காது பிடிச்சிடும், எங்கட அம்மம்மா மாதிரி ஆக்கள் பக்கத்தில இருந்தா இன்னும் சுகம். 1895ல லூயிஸ் எண்ட அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதின கைநூல் இணையத்தில தேடினா வரும், பேர் ஒப்பிட அது நல்ல உதவி, ஆனா அது ஆட்சி செய்தவையின்ர பக்கத்தில இருந்து எழுதினது எண்டதையும் மறக்கவேண்டாம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். எல்லையைச் சொல்லுற சொல்லுகள். ஆறு, மலை, மைல், கால்வாய், மரம் எண்டு என்ன பொருளை வச்சு எல்லை சொல்லியிருக்கு எண்டு பென்சிலால கோடு போடுங்கோ. பிறகு ஒவ்வொண்டுக்கும் ரெண்டே ரெண்டு கேள்வி: இது ஒண்டுதானா, பலது இருக்கா? இது நிண்ட இடத்தில நிக்குமா, நகருமா?

1766ல டச்சுக்காரர் கண்டி ராசாவோட செய்த ஒப்பந்தத்தை எடுங்கோ, 19ம் நூற்றாண்டு எல்லைக்கெல்லாம் அதுதான் தாய்க்கடதாசி. தீவைச் சுத்திக் கடற்கரை முழுக்க டச்சுக்காரருக்கு, கரையிலயிருந்து உள்ளுக்கு ஒரு சிங்கள மைல் அகலம், ஆறும் மலையும் கிடக்கிற மாதிரிக்குக் கொஞ்சம் கூடிக் குறையலாம். வடிவா யோசியுங்கோ. ஒரு சிங்கள மைல் எவ்வளவு? "கூடிக் குறையலாம்" எண்டதை ஆர் தீர்மானிக்கிறது? கரை எங்க தொடங்குது? கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் எண்டு களப்புகள் கிடக்கிற எங்கட கரையில மாரிக்கு ஒரு கரை, கோடைக்கு ஒரு கரை. மாரியில வயலுக்கு மேலால தண்ணி, வைகாசி ஆனியில வெடிச்ச சேறு. எந்த மாசத்துக் கரையில இருந்து அளக்கிறது? எங்கட வாய்க்கால் தூந்த மாதிரித்தான், எழுதேக்க எல்லாருக்கும் தெரிஞ்ச பொருள், அளக்கேக்க ஆருக்கும் தெரியாத பொருள்.

இந்தச் சொல்லுப் பிழை எவ்வளவு தூரம் போகும் எண்டதுக்கு நான் பிள்ளையளுக்குச் சொல்லுற உதாரணம் அமெரிக்காவில நடந்தது. 1846 ஜூன் 15ல அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஓரிகன் ஒப்பந்தம் எழுதினவை. 49ம் அகலாங்கு வழியாப் போய், பெருநிலத்தையும் வான்கூவர் தீவையும் பிரிக்கிற "கால்வாயின் நடுவால" எல்லை போகும் எண்டு எழுதினாங்கள். பிரச்சினை என்னெண்டா அங்க அப்பிடியான கடற்கால்வாய் ஒண்டு மட்டுமில்லை. ஹாரோ எண்டு ஒண்டு, ரொசாரியோ எண்டு ஒண்டு, ரெண்டுக்கும் நடுவில சான் ஹுவான் தீவுகள். எந்தக் கால்வாய் எண்டு எழுதேல்லை. 13 வருசம் கழிச்சு, 1859ல அதே ஜூன் 15ல, சான் ஹுவான் தீவில ஒரு அமெரிக்கத் தோட்டக்காரன் தன்ர உருளைக்கிழங்கைக் கிளறின பண்டியைச் சுட்டுப்போட்டான். பண்டி பிரித்தானியாவின்ர ஹட்சன் பே கொம்பனியின்ர. இதை நான் சொன்னாப்போல பின்வாங்கில இருந்த பெடியன் ஒருத்தன், "சேர், கச்சான் தோட்டத்துக்க காட்டுப்பண்டி வந்தா நாங்களும் விடமாட்டம்தானே" எண்டான். அதுதான் விசயம். தோட்டக்காரனுக்கு அது தோட்டப் பிரச்சினை. ஆனா அவனை எந்த நாட்டுச் சட்டத்தால விசாரிக்கிறது எண்ட கேள்வி வந்தோட அமெரிக்கப் பட்டாளம் ஒரு பக்கம், பிரித்தானியப் போர்க்கப்பல் மறுபக்கம் வந்து நிண்டுட்டுது. நல்ல காலம் ஒரு மனிசரும் சண்டையில சாகேல்லை. 12 வருசத்துக்கு மேல ரெண்டு படையும் தீவின்ர ரெண்டு முனையில முகாம் போட்டு இருந்து, கடைசியா ஜேர்மன் பேரரசர் முதலாம் வில்ஹெல்மிட்ட மத்தியஸ்தம் குடுத்து, 1872ல அவர் ஹாரோதான் எல்லை எண்டு சொல்ல தீவு அமெரிக்காவுக்குப் போச்சு. கால்வாயின்ர பேரை எழுதியிருந்தா இவ்வளவும் இல்லை. ஒப்பந்தத்தில "ஆறு", "கால்வாய்" எண்டு பொதுப்பேர் கண்டா உடன வரைபடத்தைத் திறந்து அந்தப் பக்கத்தில எத்தினை கிடக்குது எண்டு எண்ணுங்கோ, எண்ணாமல் அடுத்த வரிக்குப் போகவேண்டாம்.

பொருளுக்குப் பிறகு வினைச்சொல்லு. உறுதியிலயும் "விற்று" எண்டா ஒண்டு, "ஈடு வைத்து" எண்டா வேற ஒண்டு, "அனுபவிக்க" எண்டா இன்னுமொண்டு, இதில ஏமாந்த குடும்பங்கள் எங்கட பக்கத்தில எத்தினை எண்டு உங்களுக்குத் தெரியும். 1893 நவம்பர் 12ல காபூலில பிரித்தானிய இந்திய அதிகாரி மோட்டிமர் டியூரண்டும் ஆப்கானிஸ்தானை ஆண்ட அமீர் அப்துர் ரஹ்மானும் வச்ச கடதாசி 7 பிரிவுதான், சின்னது. முதல் பிரிவு, அமீரின்ர ஆட்சிப் பகுதியின்ர கிழக்கு, தெற்கு எல்லை இணைச்சிருக்கிற வரைபடத்தில காட்டின கோட்டால போகும் எண்டுது. ரெண்டாம் பிரிவு, கோட்டுக்கு அங்கால இந்திய அரசாங்கம் தலையிடாது, இங்கால அமீர் தலையிடமாட்டார் எண்டுது. "தலையிடாது" எண்டதும் "சொந்தம்" எண்டதும் ஒண்டோ? இது நாட்டெல்லையா செல்வாக்கு எல்லையா எண்டு இண்டைக்கும் ஒரு பக்கம் ஒரு மாதிரி மறுபக்கம் ஒரு மாதிரிச் சொல்லுறதுக்கு இந்த ரெண்டு பிரிவும் பக்கத்தில பக்கத்தில இருக்கிறதே காரணம். பரீட்சையில எழுதேக்க முதல் பிரிவை மட்டும் எழுதிப்போட்டு வராதைங்கோ, ரெண்டையும் எழுதி வினைச்சொல்லின்ர வித்தியாசத்தைக் காட்டுங்கோ.

வரைபடம் பற்றி ஒரு சொல்லு. பிளான், அதாவது காணி அளந்து கீறின படம், இருக்கெண்டோட காணி சொந்தம் எண்டாகாது, பிளான் அடிச்சது ஆர் கூலி குடுத்து எண்டு கேக்கோணும். பிரித்தானிய கயானாவுக்கும் வெனிசுவேலாவுக்கும் நடுவில 1841ல ஷொம்பேர்க் எண்டவர் பிரித்தானியாவுக்காக அளந்து கம்பங்கள் நட்டார். வெனிசுவேலா கத்தினாப்போல அடுத்த வருசம் கம்பத்தைப் பிடுங்கிப்போட்டினம். ஆனா கோடு வரைபடத்தில கிடந்தது, கிடந்து கிடந்து உண்மை மாதிரி ஆகிட்டுது. 1899ல பாரிசில தீர்ப்புச் சொன்ன 5 பேரில 2 பேர் பிரித்தானியர், 2 பேர் அமெரிக்கர், தலைவர் ரஷ்யர், வெனிசுவேலாக்காரர் ஒராளும் இல்லை. தீர்ப்பும் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் வந்தது. அந்த வழக்கை 2018ல கயானா சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. கம்பத்தைப் பிடுங்கினாக் காணாது, பிளானிலயும் திருத்தோணும் எண்டது எங்கட ஊர் அலுவல் பாக்கிற விதானையார்மாருக்கும் தெரிஞ்ச விசயம்.

இப்ப எங்கட அப்பான்ர உறுதிக்குத் திரும்புவம். வடக்கு: காடு. ஒரே சொல்லு. வன்னிக் கடதாசிகளில இந்தச் சொல்லைக் கண்டா நிண்டு நிதானியுங்கோ, ஏனெண்டா எங்கட எல்லை வரலாறு முழுக்க அந்தச் சொல்லுக்கதான் ஒளிச்சுக் கிடக்கு.

பழைய காலத்தில எல்லை எண்டது கோடில்லை, பட்டை. கண்டியில 19 வருசம் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1679ல தப்பி வரேக்க அனுராதபுரத்தில இருந்து அருவியாத்தைப் பிடிச்சுக்கொண்டு காட்டுக்கால நடந்து அரிப்பில டச்சுக் கோட்டைக்கு வந்து சேந்தார். கண்டி ராச்சியத்து வழியளில முள்ளுக் கடப்பு வச்சு காவல் போட்டிருந்ததை அவரே எழுதியிருக்கிறார். கடப்பு வழியிலதான், காட்டில இல்லை. காட்டுக்க எங்க கண்டி முடிஞ்சு எங்க வன்னி தொடங்கினது எண்டு காட்ட ஒரு கல்லும் இல்லை, பேசுற மொழி மாறுறதையும் ஆத்தையும் வச்சுத்தான் மனிசர் அறிஞ்சது. இப்பிடியான இடத்தை நீங்கள் கொப்பியில கீறேக்க கூர்ப் பென்சிலால கோடு இழுக்கவேண்டாம், பென்சிலைச் சரிச்சு வச்சு தேய்ச்சு நிழல் மாதிரிக் காட்டுங்கோ.

கோடில்லாத அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரன் வந்தது 1840ல. அந்த வருசத்து 12ம் இலக்கச் சட்டம், காடு, தரிசு, குடியில்லாத, பயிர்செய்யாத நிலமெல்லாம் வேற ஆக்கள் தங்கட எண்டு நிரூபிக்கும்வரைக்கும் முடிக்கு, அதாவது பிரித்தானிய அரசுக்கு, உரியது எண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னது. காய்ச்சலும் வறட்சியும் வந்து குளம் உடைஞ்சு சனம் இடம்பெயர்ந்த ஊருகள் நிறைஞ்ச வன்னிக்கு இது என்ன செய்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. மூண்டு தலைமுறைக்கு முந்தி வயலாயிருந்தது இப்ப காடு, காடெண்டா முடி. யாழ்ப்பாணத்தில தோம்பு எண்ட டச்சுக்காலக் காணிப் பதிவு எழுதி வச்சிருந்தவனுக்கு ஒரு கடதாசியாவது இருந்தது, காட்டுக்குளத்துக்குக் கீழ காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தவனிட்ட என்ன கடதாசி. ரெண்டு அரசுக்கு நடுவில இருந்த எல்லை 1815ல போச்சுது, சனத்துக்கும் அரசுக்கும் நடுவில புது எல்லை 1840ல வந்தது, அது இப்பவும் எங்கட வேலிக்கு அங்கால நிக்குது. 1840க்குப் பிந்தின ஆவணத்தில "காடு" எண்டு கண்டா பக்கத்தில "ஆரின்ர காடு?" எண்டு எழுதிவையுங்கோ.

கடைசி வேலை நிலத்துக்குப் போறது. இதைச் செய்யாமல் முடிக்காதைங்கோ. முதல் தரம் போறவைக்கு நான் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட இருக்கிற கற்சிலைமடுவைத்தான் சொல்லுவன். அங்க வெள்ளைக்காரர் நட்ட கல்லின்ர வாசகம் ஒரே வசனம்தான், இந்தச் சுற்றுவட்டாரத்தில கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடிச்சார், 31 ஒக்டோபர் 1803, அவ்வளவும்தான். வாசிக்கப் பழகின கண்ணுக்கு அதிலயே மூண்டு விசயம் படும். "சுற்றுவட்டாரத்தில" எண்டுதான் இருக்கு, இந்த இடம் எண்டு இல்லை. "தோற்கடிச்சார்" எண்டுதான் இருக்கு, கொன்றார் எண்டு இல்லை, ஆனா அவர் அண்டைக்கே அங்கயே செத்தார் எண்டு நாங்கள் பாடசாலையில இருந்து படிச்சுக்கொண்டு வாறம். மூண்டாவது, ஆகஸ்டில முல்லைத்தீவில ஆர் ஆரைத் தோற்கடிச்சது எண்டு சொல்லுற கல்லை அவை நடேல்லை. அவரில எனக்கிருக்கிற மரியாதை இதால ஒரு துளியும் குறையேல்லை, எழுதினதை எழுதின மாதிரி வாசிச்சாத்தான் அவருக்கு நாங்கள் செய்யிற மரியாதையும் சரியா இருக்கும்.

பிறகு ஏலுமெண்டா கொக்கிளாய்ப் பக்கம் போய் களப்பின்ர கரையில நிண்டு தெற்கை பாருங்கோ, தென்னமரவடி அந்தப் பக்கம். போனில மப்பைத் திறந்தா மாகாண எல்லை கோடாத் தெரியும், தலையை நிமித்தினா தண்ணியும் கண்டலும் கொக்கும்தான். கோடைக்கு ஒருக்கா, மார்கழி மழைக்குப் பிறகு ஒருக்கா எண்டு ரெண்டு தரம் ஒரே இடத்தில நிண்டு படம் எடுத்து ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ, 1766க் கடதாசியில "கூடிக் குறையலாம்" எண்டு ஏன் எழுதவேண்டி வந்தது எண்டு அப்பத் தெரியும்.

போகேக்க அந்த ஊரில வயசுபோன ஒராளைக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போங்கோ, பழைய கிணறு, குளக்கட்டு, கோயில் மரம், சுடலை எல்லாம் அவைக்குத்தான் தெரியும். கதைக்கேக்க "எல்லை எங்க?" எண்டு நேர கேக்காதைங்கோ, சனம் பயப்பிடும், காணி பிடிக்க வந்தவை எண்டு நினைக்கும். "முந்தி மாடு எதுவரைக்கும் மேயப் போகும் அம்மா?" எண்டு கேளுங்கோ, எல்லை தானா வரும். காட்டோரத்தில திணைக்களங்கள் நட்ட கொங்கிரீட் கல்லுகள் இருக்கும், அதிலயும் எழுத்தும் இலக்கமும் இருக்கும், படம் எடுத்துத் திகதி போட்டு வையுங்கோ. கண்ணிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகையில மண்டையோடு கீறியிருந்தா அதுக்கு அங்கால ஒரு அடியும் வைக்கவேண்டாம், கல்லு எவ்வளவு கிட்டத் தெரிஞ்சாலும் அதிலயே நிண்டு சூம் பண்ணி எடுத்துப்போட்டுத் திரும்புங்கோ.